கை படாத பாடம்: சாயம், சோதனை, சாதி

1

வேதியியல் பாடநூலில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் ‘தூய’. தூய நீர், தூய பொருள், தூய்மையாக்கும் முறைகள். நம் சமூகத்திலும் திரும்பத் திரும்பப் புழங்குகிற சொல்தான் இது. சொல் ஒன்று, ஆனால் அது இயங்குகிற தளங்கள் இரண்டு. ஆய்வகத்தில் ஒரு பொருள் தூயதா என்பதை அதன் உருகுநிலை சொல்லும், கொதிநிலை சொல்லும். அதை யார் தொட்டார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஊரிலோ அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு கேள்வியே கிடையாது.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு சென்றவர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் சாணம், கோமூத்திரம், பால், தயிர் எல்லாம் சேர்த்துக் குளத்தில் ஊற்றி அதைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எந்த வேதியியல்காரரிடம் கொடுத்திருந்தாலும், ஊற்றுவதற்கு முன்னால்தான் தண்ணீர் சுத்தமாக இருந்தது என்று சொல்லியிருப்பார். ஆக, ஒரு குழாயில் தண்ணீரை எடுத்து அதன் தன்மையை அதனிடமே கேட்பது என்கிற சாதாரணச் செயலுக்குள் சாதிக்கு எதிரான ஒரு நியாயம் உறைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்துச் சோதனையை நான் அரசியல் விவகாரமாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். பிரதியை வாசிப்பதுதான் எங்கள் தொழில் என்றால், வகுப்பறைச் சோதனையும் ஒரு பிரதிதான். அதற்கு ஆசிரியர் உண்டு, அனுமதிக்கப்பட்ட வாசிப்பு உண்டு, அழிக்கப்பட்ட பெயர்களும் உண்டு. ‘செய்து கற்றல்’, ‘கலையோடு இணைந்த அறிவியல்’ என்று இன்று எல்லாத் திசையிலிருந்தும் குரல்கள் கேட்கின்றன. நல்ல குரல்கள்தான். ஆனால் யாருடைய கை, எந்தப் பொருளை, யார் சொல்லி, எதற்காகத் தொடுகிறது என்று கேட்காமல் ‘கை’யைக் கொண்டாட முடியாது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முனை நம் கரையிலேயே இருக்கிறது.

2

18ஆம் நூற்றாண்டின் அய்ரோப்பாவைப் பைத்தியமாக அடித்த சரக்கு, சோழமண்டலக் கரையின் சாயத்துணி. அதன் சிவப்பு துவைத்தாலும் போகாது. அந்த ரகசியம் என்ன? 1734 வாக்கில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்களின் வேலையைக் கூட இருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார், குறிப்பும் எழுதினார். பாரிசில் இதைக் கேட்டிருந்தவர் துஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று சொன்ன அதே துஃபேதான், வேதியியலாளரும்கூட. 1742இல் கூர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இதே செய்முறையை விரிவான கடிதமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் சுட்டிக்காட்டியவர் என்பதால் மொழியியல் படித்தவர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும். புதிதாக மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் எழுதினார்.

அந்தக் குறிப்புகளிலிருந்து தெரியவருவது என்ன? துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இழையில் ஏறுகிறது, பாலின் கொழுப்பு நீர்மம் பரவாமல் தடுக்கிறது. பிறகு படிகாரக் கரைசலால் கோலம் வரைகிறார்கள். வரைகிறபோது அதற்கு நிறமே கிடையாது. அப்புறம் துணியைச் சாயவேர் போட்ட நீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் வெயிலிலும் சலவையிலும் போய்விடுகிறது. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் இன்னொரு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கம். பாடநூல் இதை ‘நிறமூன்றி’ என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ‘கடிப்பது’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த இரும்பைப் புளித்த நீரில் ஊறப்போட்டு எடுத்த கரைசலால் வரைய வேண்டும். கடுக்காயோடு சேர்ந்ததும் அது கறுத்துவிடும். நீலம் வேண்டுமென்றால் மற்ற இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்க வேண்டும்.

இது வேதியியலா, ஓவியமா? அந்த ஆளிடம் போய்க் கேட்டால், ‘என்னய்யா கேள்வி இது, வேலையப்பா’ என்றுதான் சொல்லியிருப்பான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் வரைந்து, பின்னால் வரப்போகிற நிறத்தை முன்கூட்டியே மனத்தில் வைத்துக் கோடு இழுக்கிறவனிடம் கருதுகோள் இல்லை, கோட்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? கோட்பாடு அவன் விரலில் இருந்தது. எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துக்குப் போன கணத்தில் அது பியூலியூவுடைய கையெழுத்துப் படியாகவும் கூர்தூவின் கடிதமாகவும் ஆயிற்று. அவர்கள் பெயர் நின்றது. துணியை நனைத்தவன் பெயர் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் சாணம் உண்டு, புளித்த கஞ்சி உண்டு, அழுகிய நாற்றம் உண்டு. அய்ரோப்பியச் சாயப்பட்டறைகளிலும் நிறமூன்றி ஏற்றிய துணியைச் சாண நீரில் முக்கியெடுக்கிற கட்டம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் சாணத்துக்குப் பதிலாக பாஸ்பேட் உப்பு வந்தது. சாணம் செய்த வேலையை உப்பு செய்தது. ஆனால் சாணத்தைத் தொட்டவன் கூலிக்காரனாகவும், உப்பைத் தொட்டவன் வேதியியலாளனாகவும் வரலாற்றில் பதிவானார்கள்.

3

வேதியியலும் கலையும் தனித்தனி அறைகளுக்குப் போனது ரொம்பப் பிந்தித்தான். 1794இல் லண்டனில் எலிசபெத் ஃபுல்ஹேம் என்ற பெண் ஒரு நூல் வெளியிட்டார். எரிதல் பற்றிய நூல் அது. ஆனால் அவர் ஆரம்பித்த இடம் துணி. தங்கத்தையும் வெள்ளியையும் வேதிமுறையில் துணிமேல் படியவைக்க முடியுமா என்ற கேள்வி. நகராது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அவர் விடவில்லை. தங்க உப்பில் நனைத்த பட்டு, நீர் இருந்தால், வெளிச்சம் பட்டால் உலோகமாக மாறுவதைக் கண்டார். வரைபடத்தில் ஆறுகளை வெள்ளியால் ஓடவிட்டார். அந்த அலங்கார வேலையிலிருந்துதான், வேதிவினையில் நீர் பங்கெடுத்துக்கொண்டு முடிவில் மீண்டும் நீராகவே வெளிவருகிறது என்ற முடிவுக்கு வந்தார். வினையூக்கம் என்று பின்னாளில் பெயர் பெற்ற கருத்தின் முதல் வடிவங்களில் இது ஒன்று. ஒரு பெண் இதையெல்லாம் எழுதுவது சிலருக்குப் பொறுக்காது என்று முன்னுரையிலேயே அவர் சொல்லி வைத்தார். தையல் அறைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே சுவர் எழும்பாத காலத்தில் இருந்துகொண்டு, எழும்பப்போகும் சுவரை அவர் பார்த்துவிட்டார் எனலாம்.

அடுத்து ரூங்கே. 1794இல் ஹாம்பர்க் அருகில் பிறந்த ஜெர்மானியர். இவரிடம் காப்பிக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கெதே. அதிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். 1834இல் நிலக்கரித் தாரிலிருந்து, பின்னால் அனிலின் என்று அறியப்பட்ட பொருளைப் பிரித்தார். ஒரானியன்பர்க் நகரில் தொழிற்சாலை வேதியியலாளராக இருந்த இவருக்குச் சாயவேதியியல்தான் உயிர். உப்புக் கரைசல்களை உறிஞ்சுதாளில் சொட்டுச் சொட்டாக விடுவது இவர் வழக்கம். ஒரு சொட்டு அன்னபேதிக் கரைசல், அதன்மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஃபெரோசயனைடு: நீலம் விரியும். அன்னபேதிக்குப் பதில் மயில்துத்தம் என்றால் செம்பழுப்பு. சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளியும் விலக்கியும் வளையமாய், இதழாய், முள்ளாய்ப் படர்கின்றன. 1850இல் இந்தப் படங்களை ஒரு நூலாக்கினார். அதன் தலைப்பிலேயே அழகை விரும்புவோர், ஓவியர், துணி அச்சிடுவோர் எல்லாரையும் அழைத்தார். 1855இல் இன்னொன்று. அச்சுக்கு எட்டாத படங்கள் என்பதால் ஒவ்வொரு பிரதியிலும் அசல் தாளையே ஒட்டினார்கள். அதாவது எந்த இரண்டு பிரதியும் ஒன்றுபோல இருக்காது. ‘மூலப்பிரதி எது’ என்று சண்டை போடும் நமக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய சங்கதி.

பொருள்களுக்குள்ளேயே உருவம் கொள்ளும் ஒரு உந்துதல் இருக்கிறது என்று ரூங்கே நம்பினார். பிற்கால அறிவியல் அதை ஏற்கவில்லை. நுண்துளை வழியே நீர்மம் ஏறுவதும் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதும்தான் காரணம் என்றது. நிறப்பிரிகை முறை என்று 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்த துறையின் முன்னோடி என்ற ஓரத்து இருக்கை அவருக்குக் கிடைத்தது. படங்கள் ‘விநோதம்’ ஆகிவிட்டன. அனிலினிலிருந்து 1856இல் 18 வயதுப் பெர்க்கின் ஊதாச் சாயம் செய்தார், 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை அவுரியைச் சந்தைக்கு விட்டது. நம் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சோழமண்டலத்தின் கை அய்ரோப்பாவுக்குப் போய்ப் புத்தகமாகி, தொழிற்சாலையாகி, கடைசியில் அந்தக் கையையே வேலையிலிருந்து நீக்கியது. காலனிய அறிவின் கதையைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்.

4

இந்த அறிவு பள்ளிக்கு எப்படிப் போயிற்று? இரண்டு வழிகள். ஒன்று, மேடை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே 1848இலும் 1860-61இலும் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவத்தியின் வேதி வரலாற்றைச் சொன்னார். எதிரே இருக்கிற சாதாரணப் பொருளிலிருந்து உலகத்தின் விதிகளுக்குப் போகிற அந்த முறைக்கு இன்றுவரை ஈடு இல்லை. ஆனால் மெழுகுவத்தி அவர் கையில்தான் இருந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள்.

இரண்டாவது வழி ஹென்றி ஆம்ஸ்ட்ராங். இவரும் சாய வேதியியலில் உழன்றவர்தான். பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லாதே, கண்டுபிடிப்பவன் நின்ற இடத்தில் அவர்களை நிறுத்து என்றார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஏன் எடை குறைகிறது என்று பிள்ளையே எடைபோட்டு, எழுதி, தப்பாகி, மறுபடி செய்ய வேண்டும். 1903இல் இவருடைய கட்டுரைகள் நூலாயின. இதற்கு நேரம் ஆகும், பாடத்திட்டம் முடியாது, பரீட்சை என்னாவது என்று அன்றைக்கே எதிர்ப்பு. நூறு வருஷம் கழித்து மத்தியப் பிரதேசத்தில் இதே வாக்கியங்கள் திரும்ப ஒலித்தன. அதற்குப் பிறகு வருகிறேன்.

நமக்கு வந்து சேர்ந்தது இரண்டும் இல்லை. மூன்றாவது ஒன்று: பரீட்சைக்கான சோதனை. பார்வையும் தீர்ப்பும் ஒன்றாக இயங்குகிற தொழில்நுட்பம் என்று ஃபூக்கோ பரீட்சையைச் சொன்னார். அதன் சுத்தமான வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் பிளஸ் டூ பிராக்டிகலைப் பார்க்கலாம். நான் படித்த காலத்தில் 200க்கு 50 மார்க். கையில் ஒரு உப்பு கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்பது கொடுக்கிறவருக்குத் தெரியும். ‘சோதனை, காண்பது, அறிவது’ என்று மூன்று பத்தி போட்ட ரெக்கார்டு நோட்டு முந்தைய வருஷத்து அண்ணனிடமிருந்து பார்த்து எழுதியது. பரீட்சை அன்று காலையில் நடக்கிற உண்மையான உரையாடல் இப்படி இருக்கும்:

‘அண்ணே, ஏழாம் நம்பர் பாட்டில் என்னண்ணே?’

‘நைட்ரேட்டுடா. பழுப்பு வளையம் வந்துச்சுன்னு எழுதிட்டுப் போ.’

ஆய்வக உதவியாளர் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். வளையம் வந்ததா இல்லையா என்பது யாருக்கு வேணும்? காண்பதற்கு முன்பே அறிவது முடிந்துவிட்டது. அறிந்ததற்கு ஏற்பக் கண்ணைத் திருத்திக்கொள்கிறோம். அறிவியலின் பெயரால் நடக்கும் வேதபாராயணம் இது. கை ஆடுகிறது, ஆனால் கை எதையும் அறிவதில்லை.

கை அறிகிற வேலை ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. சோதனைக்குழாய் கழுவுவது. எங்கள் பள்ளியில் அதற்கென்று சில பையன்களைத்தான் கூப்பிடுவார்கள். எந்தெந்தப் பையன்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அமிலம் பட்டு விரல் மஞ்சளானது அவர்களுக்கு. மார்க் போட்டபோது அது கணக்கில் வரவில்லை. உருகுநிலையால் தூய்மையை அளக்கிற அறைக்குள் ஊரின் தூய்மை எந்தச் சிரமமும் இல்லாமல் புகுந்து உட்கார்ந்திருந்தது.

5

இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ‘கையால் செய்து கற்க வேண்டும்’ என்று சொன்னால் நமக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் எழும். எழவும் வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலைச் சுற்றியே எல்லாப் பாடத்தையும் அமைக்கச் சொன்னது. மூளையும் கையும் பிரிந்து கிடப்பதுதான் இந்தியக் கல்வியின் நோய் என்ற கணிப்பு அதில் இருந்தது. கணிப்பு சரி. ஆனால் எந்தக் கை எந்த வேலையோடு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை அது அழுத்தவில்லை. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அந்தக் கேள்விக்குப் பட்டவர்த்தனமாகப் பதில் சொன்னது. மூன்று மணிநேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதற்கு வைத்த பெயர்தான் நின்றது: குலக்கல்வி. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஏட்டுப் படிப்பு எங்களுக்கும் வேண்டும் என்பது இந்த மண்ணில் ஒரு விடுதலை முழக்கம். ‘வெறும் ஏட்டுச் சுரைக்காய்’ என்று அதை ஏளனம் செய்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாய் ஏட்டைச் சாப்பிட்டு வயிறு நிறைந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் போய்ப் பழக வேண்டும் என்கிறது, கலையோடு இணைந்த கற்றல் என்கிறது. குலக்கல்வியின் நிழல் என்று இங்கே குரல் எழுந்ததில் வியப்பில்லை. சிலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கை என்றாலே குலத்தொழில், ஆகவே வேண்டாம். நான் இதில் உடன்படவில்லை. குலத்தொழிலின் கையும் சோதனையின் கையும் ஒன்றல்ல. குலத்தொழில் ஒரு கையை ஒரு பொருளோடு கட்டிப் போடுகிறது. தோலைத் தொட ஒரு கை, துணி வெளுக்க ஒரு கை, நூலைத் தொட ஒரு கை. சோதனையின் தர்க்கம் இதற்கு நேரெதிர். எந்தக் கையும் எந்தப் பொருளையும் தொடலாம், தொட்டு ‘ஏன்’ என்று கேட்கலாம், கிடைத்த பதிலை இன்னொரு கை சரிபார்க்கலாம். செய்முறையைக் கேள்வியின்றிக் கடத்துவது ஒன்று, செய்முறையைக் கேள்விக்குள்ளாக்குவது மற்றொன்று. இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தோமானால், கையை ஒரு பக்கம் சாதிக்கும் மறுபக்கம் கோச்சிங் சென்டருக்கும் தாரை வார்த்தவர்கள் ஆவோம்.

6

இந்த வித்தியாசம் வெறும் கோட்பாடு அல்ல, முப்பது வருஷம் நடந்து காட்டப்பட்டது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. அனில் சத்கோபால் அதன் முன்னணியில் இருந்தவர். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் கிராமத்துக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிக்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு பிறந்து பொறுப்பேற்றது. குருவுக்குக் கட்டைவிரலை வெட்டிக்கொடுத்தவன் பெயர். தெரிந்தே வைத்த பெயர் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

‘பால் வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பாடநூலில் சோதனை இருந்தது, கேள்வி இருந்தது, விடை இல்லை. நான்கு நான்கு பிள்ளைகளாகச் சேர்ந்து செய்து, கண்டதை விவாதித்து, விடையை அவர்களே எழுத வேண்டும். பரீட்சைக்கு நூலையும் நோட்டையும் கொண்டுவரலாம். செய்முறைப் பரீட்சையும் உண்டு. அறுத்துப் பார்க்க ஊசி இல்லையா, கருவேல முள் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கும் கருவிக்குப் பதில் ஊசிமருந்துக் குப்பி. 1978இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இங்கே வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து மூலக்கூறு வடிவங்கள் செய்யலாம் என்று கண்டது இந்தச் சூழலில்தான். ‘சவாலிராம்’ என்று கற்பனையாக ஒருவரை உருவாக்கி, அவருக்குப் பிள்ளைகள் கேள்விக் கடிதம் எழுத ஏற்பாடு செய்தார்கள். பதிலும் போயிற்று. கேள்வி கேட்பது ஒழுங்கீனம் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைக்கு, கேள்விக்காகவே ஒரு முகவரி.

15 மாவட்டங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிய இந்தத் திட்டத்தை 2002இல் திக்விஜய் சிங்கின் காங்கிரஸ் அரசு மூடியது. மாவட்டத் திட்டக்குழுவில் எழுந்த கோரிக்கைதான் தொடக்கம். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே பாடநூல் வேண்டும், வரையறைகளை மனப்பாடம் செய்யாத பிள்ளை மேல்வகுப்புப் பரீட்சையில் பின்தங்கும் என்றார்கள். ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொன்ன அதே வாக்கியம். கவனிக்க வேண்டியது, பெற்றோரின் அச்சம் பொய்யில்லை. பரீட்சை என்கிற வாசல் அப்படியே நின்றிருக்க, வாசலுக்குப் போகும் பாதையை மட்டும் மாற்றினால் விழுகிறவர்கள் யார்? பணக்காரப் பிள்ளை டியூஷன் வைத்து வாசலைத் தாண்டிவிடும். கிராமத்துப் பிள்ளை? சோதனைக் கல்விக்காரர்கள் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. மாற்றுக் கல்வி என்பது பரீட்சைக்கு எதிரான அரசியலோடு சேராமல் தனியாக உயிர் வாழாது என்பது ஹோஷங்காபாத் விட்டுப்போன பாடம்.

7

இங்கே தமிழ்நாட்டில் 1980இலிருந்து அறிவியல் இயக்கம் இயங்குகிறது. ‘துளிர்’ வருகிறது. ஊர் ஊராகப் போய் ‘மந்திரமா, தந்திரமா’ நடத்தியிருக்கிறார்கள். எலுமிச்சம் பழத்தில் ரத்தம் வரவழைத்து, இது சாமியல்ல, சாயம் என்று காட்டினார்கள். தேவையான வேலை. ஆனால் அதுவும் மேடைதான். சாமியாரின் கையிலிருந்த பழம் தோழரின் கைக்கு மாறியது, கூட்டத்தின் கைக்கு வரவில்லை. அம்பலப்படுத்துவது ஒரு தருணம். செய்து பார்ப்பது ஒரு பழக்கம். பகுத்தறிவுக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்? பெரிய ஆய்வகம் வேண்டாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விட்டால் சிவக்கும். வாசலில் ஆரத்தி சுற்றுகிற தட்டில் நடப்பது அதுதான். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மங்கலம் என்று நினைத்தது ஒரு காரகாட்டி என்று பிள்ளை தன் கையாலேயே அறியும். மஞ்சள் பூசிய தாளில் சோப்புநீரைத் தொட்டுப் படம் வரையலாம். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள்கறை சோப்புப் பட்டதும் சிவக்கிற அதே கதைதான். வெளுக்கிறவர்களுக்கு எத்தனையோ தலைமுறையாய்த் தெரிந்த சங்கதி. செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாகும். கடுக்காய்த் தண்ணீரில் துளி அன்னபேதி போட்டால் கறுக்கும். பழைய மை இதுதான். நாம் எழுத்து, எழுத்து என்று பேசுகிறோமே, அந்த எழுத்தின் உடல். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் ஒரு புள்ளி வைத்து, தாளின் நுனியை மட்டும் நீரில் நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் கறுப்பு நீலமாய், சிவப்பாய், மஞ்சளாய்ப் பிரிந்து ஏறும். ஒற்றை நிறம் என்று நம்பியது கூட்டு என்று தெரியும். ரூங்கேயின் படத்துக்கு இது தம்பி.

இதெல்லாம் ‘ஜாலியான அறிவியல்’ என்று தனியார் பள்ளிகளில் கட்டணம் வாங்கி நடக்கிறது. படம் அழகாக இருக்கும், சுவரில் மாட்டுவார்கள். கலையை அறிவியலின் மேல் தடவும் சர்க்கரையாக மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. நான் கேட்பது வேறு. சாயவேரும் படிகாரமும் வைத்து ஒரு முழத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற வகுப்பில் மூன்று காரியம் சேர்ந்து நடக்க வேண்டும். படிகாரம் இல்லாத துணியையும் பக்கத்தில் முக்கி, ஏன் இது பிடித்தது, அது பிடிக்கவில்லை என்று பிள்ளை கேட்க வேண்டும். அது வேதியியல். எங்கே கோடு, எங்கே வெற்றிடம் என்று முடிவெடுக்க வேண்டும். அது கலை. இதைக் கண்டுபிடித்தவர்கள் யார், அவர்கள் பெயர் ஏன் பாடநூலில் இல்லை, பியூலியூ பெயர் ஏன் ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது வரலாறு. மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும். வரலாறு விடுபட்டால் கைவினைக் கண்காட்சி. கேள்வி விடுபட்டால் குலக்கல்வி. கலை விடுபட்டால் பழையபடி ரெக்கார்டு நோட்டு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கொள்கை ஆவணம் எதிலும் இது எழுதியிருக்காது, எந்தப் பள்ளியிலும் நாளைக்கே தொடங்கலாம். சாயம் ஏற்றி முடித்தபின் பாத்திரத்தையும் குழாயையும் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துக் கழுவ வேண்டும், வாத்தியாரும் சேர்த்து. சோதனையின் கடைசிப் படி அது. அந்தப் படியை யாரிடம் தள்ளிவிடுகிறோம் என்று பார்த்தால் போதும், அந்த வகுப்பில் நடந்தது சோதனையா, சடங்கா என்று தெரிந்துவிடும்.